வெள்ளியால் நீலம் பாய்ந்த தோலுக்கு லேசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளி உடலில் சேர்ந்து தோல் சாம்பல்நீலமாக மாறிப்போனவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் அவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். தோலுக்கு லேசர் வைப்பதற்கு முன்பு நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் பணியில் இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் திரும்பச் சொல்லாமல், கேள்வி எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. தோல் இப்படி நீலமாகப் போவதற்கு என்ன பெயர்? இது ஒட்டிக்கொள்கிற நோயா?

இதற்கு ஆர்ஜிரியா என்று பெயர். வெள்ளியைக் குறிக்கும் ‘ஆர்கிரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. உடலுக்குள் சென்ற வெள்ளி, தோலின் உள்ளடுக்கில் மிக நுண்ணிய துகள்களாகத் தங்கிவிடுவதால் ஏற்படும் நிறமாற்றம்தான் இது. பெரும்பாலானவர்களிடம் ஈறுகளில் சாம்பல் நிறம் தோன்றுவதும், கைவிரல் நகங்களின் அடியில் உள்ள வெண்பிறை நீலமாவதும் முன்னதாகத் தெரியும்; பிறகு முகம், கழுத்து, கைகள் என்று படிப்படியாக நிறம் ஏறும்.

உடல் முழுவதும் பரவலாக வருவது ஒரு வகை. வெள்ளி நேரடியாகப் பட்ட இடத்தில் மட்டும் புள்ளியாகவோ திட்டாகவோ வருவது இன்னொரு வகை. இரண்டுக்கும் லேசர் திட்டம் வேறு என்பதால், உங்களுக்கு வந்திருப்பது எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

2. வெள்ளி நகை போடுவதால்கூட இப்படி ஆகுமா?

தோலின்மேல் வெறுமனே கிடக்கும் நகையால் உடல் முழுவதும் நிறம் மாறாது. காயமில்லாத தோல் வழியாக உலோக வெள்ளி உள்ளே செல்வது மிக அற்பமான அளவே. காது குத்திய புண் ஆறுவதற்குள் வெள்ளிக் காதணியை மாட்டி, அதன் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால், அந்த இடத்தில் மட்டும் நீலப்புள்ளி விழலாம்.

பரவலான நிறமாற்றத்துக்கு இன்று முக்கியக் காரணம், எல்லா நோய்க்கும் நல்லது என்று சொல்லி விற்கப்படும் கூழ்ம வெள்ளி, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீர். முந்தைய தலைமுறைகளில் வெள்ளி கலந்த மூக்குச் சொட்டு மருந்துகளும் கண் சொட்டு மருந்துகளும், புகைப்பழக்கத்தை விடுவதற்காக மென்ற வெள்ளி அசிட்டேட் மாத்திரைகளும் இதைச் செய்தன. வெள்ளி உப்புகளைத் தயாரிக்கும் ஆலைகளிலும் வெள்ளி சுத்திகரிப்பிலும் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கும் வந்திருக்கிறது. தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபடயசின் களிம்பைப் பரந்த புண்ணில் நெடுநாள் பூசியதால் வந்ததும் உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2002-இல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் என்பவர், 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் செயலிழந்து மருந்துத் தட்டுப்பாடு வந்துவிடும் என்று அஞ்சி, கூழ்ம வெள்ளியைத் தாமே தயாரித்துக் குடித்துவந்தார். தட்டுப்பாடு வரவில்லை, அவருடைய தோல்தான் நீலமானது.

3. எவ்வளவு வெள்ளி உள்ளே போனால் நிறம் மாறும்? நான் தினமும் ஒரு ஸ்பூன்தான் குடித்தேன்.

ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொண்டாலும் பாதிப்பு வராது என்று கருதும் அளவை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மைக்ரோகிராம் என்று வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 300 மைக்ரோகிராம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் வெள்ளி உள்ள நீரில் 5 மில்லி கொள்ளும் ஒரு ஸ்பூன் குடித்தால் 500 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. ஒரே ஸ்பூன்தான் என்று நினைத்தது, வரம்பை ஒன்றரை மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. வீட்டில் மின்கலத்தை வைத்துத் தயாரித்தவர்களுக்கோ, தாங்கள் குடித்த நீரில் எவ்வளவு வெள்ளி இருந்தது என்பதே தெரிந்திருக்காது.

மேலே சொன்ன வரம்பின் அடிப்படை, சிபிலிஸ் நோய்க்கு வெள்ளி கலந்த ஆர்ஸ்பெனமின் ஊசி போடப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. 1935-இல் வெளியான ஓர் ஆய்வு, பரவலான ஆர்ஜிரியா வந்த 70 பேரைத் தொகுத்துப் பார்த்தது. அவர்களில் சிலருக்கு மொத்தம் 4 கிராம் மருந்திலேயே நிறம் மாறியிருந்தது. அதில் இருந்த வெள்ளி சுமார் 1 கிராம்தான். வாய்வழி போகும் வெள்ளியில் சிறு பங்கே உடலில் தங்குவதால், வாய்வழிக் கணக்கு இதைவிடப் பெரிதாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 10 கிராம் என்ற அளவைக் குறிப்பிடுகிறது.

4. சட்டைக்குள் இருக்கும் தோல் பரவாயில்லை. முகமும் கையும் மட்டும் ஏன் இவ்வளவு கறுக்கிறது?

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படச் சுருளில் நடந்ததுதான் உங்கள் தோலிலும் நடக்கிறது. வெள்ளி உப்பின்மேல் ஒளி பட்டால், உப்பு பிரிந்து கருமையான உலோக வெள்ளித் துகள் உண்டாகிறது. இரைப்பை அமிலத்தில் கரைந்து அயனியாக இரத்தத்தில் கலக்கும் வெள்ளி, கந்தகம் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு தோலை அடைகிறது. அங்கே ஒளி அதை உலோகத் துகளாக மாற்றுகிறது. பின்னர் அந்தத் துகள் கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து உறுதியான சேர்மமாகிவிடுகிறது. பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் இந்த வரிசையை ஆய்வகச் சோதனைகளின் வழியே விளக்கினார்கள். வெள்ளி, தோலுக்கு இயல்பான நிறம் தரும் மெலனின் என்ற நிறமியின் உற்பத்தியையும் தூண்டிவிடுவதால், நீலத்தோடு ஒரு பழுப்பும் சேர்ந்துகொள்கிறது.

சட்டைக்குள் இருக்கும் தோலிலும் வெள்ளி இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே ஒளி படாததால் அது வெளியில் தெரியவில்லை.

5. குடிப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. தானாகப் போகாதா?

போகாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தோலின் மேலடுக்குச் செல்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. வெள்ளித் துகள்கள் அந்த அடுக்கில் இல்லை. அதற்குக் கீழே, வியர்வைச் சுரப்பிகளைச் சூழ்ந்த மெல்லிய சவ்விலும், மீள்நார்களிலும், சிறு இரத்தக் குழாய்களின் சுவர்களிலும் அவை படிந்திருக்கின்றன. 4-ஆம் விடையில் சொன்ன சேர்மங்கள் நீரில் கரையாதவை என்பதால், உடலால் அவற்றை எளிதில் கரைத்து வெளியேற்ற முடிவதில்லை. நிறுத்தியதன் பயன், நிறம் மேலும் அடர்த்தியாகாமல் தடுத்துக்கொண்டது. அது சிறிய பயன் அன்று.

6. கிரீம், கெமிக்கல் பீலிங், உடம்பிலிருந்து உலோகத்தை இழுக்கும் மருந்து என்று ஏதேதோ சொல்கிறார்களே?

உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் டி-பெனிசிலமின், டைமெர்காப்ரால் போன்ற மருந்துகள் ஈயத்துக்கும் செம்புக்கும் பயன்படுகின்றன. தோலில் இறுகிவிட்ட வெள்ளியிடம் அவை பலிக்கவில்லை. ஹைட்ரோகுவினோன் போன்ற வெளுப்புக் களிம்புகள் மெலனினைக் குறைப்பவை. பழுப்புச் சாயலைச் சற்றுத் தணிக்கலாம், நீலத்தைத் தொடாது. பீலிங்கும் தோலைச் சுரண்டும் முறையும் வெள்ளி கிடக்கும் ஆழத்துக்குப் போக வேண்டுமானால் தழும்பு விழும் அளவுக்குப் போக வேண்டும். இந்த மூன்றிலும் பணத்தையும் காலத்தையும் செலவழித்துவிட்டு லேசருக்கு வருபவர்களைப் பார்க்கும்போது, முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

7. லேசர் அந்த வெள்ளியை என்ன செய்கிறது? உறிஞ்சி வெளியே எடுக்கிறதா?

உறிஞ்சுவதில்லை, உடைக்கிறது. ஒரு நிறப்பொருள் விரும்பி ஏற்கும் ஒளியை, அது சூடு ஆறுவதற்கு எடுக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் பாய்ச்சினால், சுற்றியுள்ள திசு வேகாமல் அந்தப் பொருள் மட்டும் சிதறும் என்ற கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்டார்கள். பச்சை குத்தியதை அழிக்கும் லேசருக்கும் அடிப்படை அதுவே. ஒரு வெள்ளித் துகள் மிகச் சிறியது என்பதால் கணநேரத்தில் சூடு ஆறிவிடும். ஆகவே ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோசெகண்ட் கணக்கில் ஒளித் துடிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறுகிய துடிப்பில் துகள் சட்டென விரிந்து, அதிர்வலையோடு நொறுங்குகிறது.

நொறுங்கிய பொடி முன்போல் ஒளியை ஏற்றுச் சிதறடிப்பதில்லை. அதனால் நீலம் மறைகிறது. பொடியின் ஒரு பகுதியைத் தோலில் உள்ள துப்புரவுச் செல்கள் விழுங்கி நிணநீர் வழியே கொண்டுசெல்வதாகக் கருதப்படுகிறது. லேசர் மாற்றுவது ஒளி பாய்ந்த தோலின் நிறத்தை மட்டுமே. கல்லீரலிலும் பிற உறுப்புகளிலும் தங்கியிருக்கும் வெள்ளிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

8. முடி நீக்குவதற்கு ஒரு இடத்தில் லேசர் வைத்திருக்கிறார்கள். அதிலேயே இதையும் செய்துகொள்ளலாமா?

கூடாது. முடி நீக்கும் கருவியின் துடிப்பு மில்லிசெகண்ட் கணக்கில் நீள்வது. 7-ஆம் விடையில் சொன்ன கணக்குப்படி, அவ்வளவு நேரத்தில் துகளின் சூடு சுற்றுத் திசுவுக்குப் பரவி, வெள்ளி உடையாமல் தோல் வெந்துபோகும். இரண்டு கருவிகளிலும் ‘என்டி-யாக், 1064 நானோமீட்டர்’ என்று ஒரே பெயர் எழுதியிருக்கக்கூடும் என்பதுதான் இதில் உள்ள பொறி. அலைநீளம் ஒன்றாக இருந்தாலும் துடிப்பின் நீளம் வேறு. பளிச்சென்று ஒளி அடிக்கும் ஐபிஎல் கருவியும் இதே காரணத்தால் பொருந்தாது.

கேட்க வேண்டியது, நானோசெகண்ட் துடிப்பு தரும் ‘கியூ-சுவிட்ச்டு’ வகை லேசர். அதிகமாகப் பதிவாகியிருப்பது 1064 நானோமீட்டர் கியூ-சுவிட்ச்டு என்டி-யாக். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட், 694 நானோமீட்டர் ரூபி ஆகியவையும் பயன்பட்டிருக்கின்றன. நானோசெகண்டைவிடக் குறுகிய துடிப்பு உள்ள பிகோசெகண்ட் லேசரிலும் நல்ல விளைவுகள் பதிவாகியுள்ளன. பிகோசெகண்ட் இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லை என்று யாராவது சொன்னால், அது விற்பனைப் பேச்சு.

9. எத்தனை சிட்டிங் ஆகும்? பச்சை குத்தியதை எடுக்கப் பத்துத் தடவைக்கு மேல் போனார் என் நண்பர்.

இந்த ஒரு விஷயத்தில் வெள்ளி, பச்சை மையைவிட இணக்கமானது. மையில் துகள் அடர்த்தி மிகுதி. பல தடவை உடைத்து, ஒவ்வொரு தடவையும் உடல் அகற்றுவதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெள்ளியில், ஒளி பட்ட அந்தக் கணமே நிறம் விலகுவதைப் பல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஓர் இடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதுமானதாக இருந்திருக்கிறது. ஆற்றலும் சதுர சென்டிமீட்டருக்கு ஓரிரு ஜூல் என்ற குறைந்த அளவிலேயே பலன் தந்திருக்கிறது.

அருகிலிருந்து பார்த்தால் இது விந்தையாக இருக்கும். கைப்பிடியின் முனை தோலைத் தொடும் இடத்தில் ‘டக்’ என்று ஓர் ஓசை. சாம்பல்நீலத் தோலில் ஒரு பட்டாணி அளவுக்கு வட்டமாக அவருடைய பழைய நிறம் தெரியும். அடுத்த ஷாட் அதன் ஓரத்தில் சற்றே ஏறி விழும், இரண்டாவது வட்டம். வட்டங்கள் சரியாக ஒன்றன்மேல் ஒன்று ஏறாவிட்டால் இடையில் நீல வலை போல மிச்சம் நிற்கும். அதை எடுக்கத்தான் பெரும்பாலும் இரண்டாம் சிட்டிங் தேவைப்படுகிறது. முதலில் காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழோ ஒரு சிறு இடத்தில் சோதனை ஷாட் வைத்து, நாலு முதல் எட்டு வாரம் வரை பொறுத்துப் பார்த்த பிறகே முழு முகத்துக்கும் போக வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கச் சொல்லிக் கெஞ்சுபவர்கள் உண்டு. மருத்துவர் இசையக் கூடாது என்பதே என் கருத்து.

10. ரொம்ப வலிக்குமாமே?

வலிக்கும். ரப்பர் வளையத்தை இழுத்து விட்டதுபோல என்று லேசர் வலிக்கு வழக்கமாகச் சொல்லும் உவமை இங்கே போதாது. துகள்கள் வியர்வைச் சுரப்பிகளையும் நரம்புகளையும் ஒட்டிப் பரவிக் கிடப்பதால், ஒவ்வொரு ஷாட்டும் சூடாகத் தெறிக்கும். சிறு இடத்துக்கு மரத்துப்போகும் களிம்பு போதும். முகம் முழுவதற்கும் நரம்பு மரப்பு ஊசியோ, முழு மயக்கமோ கொடுத்துச் செய்த பதிவுகள் உள்ளன.

களிம்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வலிக்கு அஞ்சி, லிடோகெயின் களிம்பை முகம், கழுத்து, இரு கைகள் என்று ஒரே நேரத்தில் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளும் சுற்றிக்கொண்டு வந்துவிடக் கூடாது. பரப்பு கூடக்கூட மருந்து இரத்தத்தில் ஏறும். உதடு மரத்தல், காதில் ரீங்காரம், தலைசுற்றல் என்று தொடங்கி வலிப்பு வரை போகக்கூடும். எவ்வளவு இடத்தில், எவ்வளவு நேரம் என்பதைச் சிகிச்சை செய்பவரே தீர்மானிக்க வேண்டும்.

11. முகத்தை மட்டும் செய்துகொண்டால் போதாதா? உடம்பு முழுக்கச் செய்ய வேண்டுமா?

பெரும்பாலானவர்கள் முகத்தோடும் கைகளோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமான முடிவு. சில மில்லிமீட்டர் வட்டங்களைக் கொண்டு உடல் முழுவதையும் நிரப்புவதற்கு ஆயிரக்கணக்கான ஷாட்டுகள் வேண்டும். 10-ஆம் விடையில் சொன்ன வலியும் களிம்பு வரம்பும் குறுக்கே நிற்கும். ஆகையால் பகுதி பகுதியாக, பல மாதங்களுக்குப் பரப்பியே செய்ய முடியும்.

முகத்தை மட்டும் செய்தால் எல்லைக்கோடு தெரியும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தாடை எலும்போடு நிறுத்தினால், கழுத்து நீலமாகவும் முகம் இயல்பாகவும் நின்று முகமூடி போட்டதுபோல இருக்கும். ஓரங்களில் ஷாட்டுகளைப் படிப்படியாக இடைவெளி விட்டுப் போட்டு, நிறத்தைக் கரைத்து இறக்குவது அனுபவமுள்ள கைக்கு இயலும். நீங்கள் வழக்கமாக அணியும் கழுத்துப்பட்டி எங்கே முடிகிறது என்பதைப் பார்த்து எல்லையை வகுப்பது நல்லது.

12. கண்ணின் வெள்ளையும் நகமும் நீலமாக இருக்கிறதே, அதற்கும் வைக்கலாமா?

கண்ணுக்கு வைக்கக் கூடாது. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. விழியின் பின்திரையை ஒரே துடிப்பில் நிரந்தரமாகச் சிதைக்க வல்லது. இமைகளுக்குச் சிகிச்சை செய்யும்போதுகூட, விழிமேல் உலோகக் கவசம் பொருத்திய பிறகே கருவியை எடுக்க வேண்டும். நகப்பிறையின் நீலம் பெரும்பாலும் அப்படியே விடப்படுகிறது.

13. என் தோல் இயல்பிலேயே கறுப்பு. லேசர் வைத்தால் வெள்ளைத் திட்டு விழும் என்கிறார்களே?

அச்சம் நியாயமானது. லேசர் ஒளிக்கு மெலனினும் ஓர் இலக்குதான். 694, 755 ஆகிய அலைநீளங்களை மெலனின் மிகுதியாக ஏற்பதால், கருந்தோலில் கொப்புளமும், பிறகு வெளுப்புத் திட்டோ கருந்திட்டோ வரும் வாய்ப்பு கூடும். 1064 நானோமீட்டர் மெலனினை ஓரளவு விலகி ஆழமாகச் செல்வதால், மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அதுவே முதல் தேர்வு. குறைந்த ஆற்றலில் தொடங்குவதும், 9-ஆம் விடையில் சொன்ன சோதனை ஷாட்டுக்குப் பின் இரண்டு மாதம் வரை காத்திருப்பதும் உங்களுக்குக் கட்டாயம். கருந்திட்டு வந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். வெளுப்புத் திட்டு அவ்வளவு எளிதில் நிறம் திரும்பாது.

14. காதணி போட்ட இடத்தில் ஒரே ஒரு நீலப்புள்ளி இருக்கிறது. இதற்கும் லேசர்தானா?

லேசர் வைக்கலாம். ஆனால் உள்ளே வெள்ளித் துணுக்கு இன்னும் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். துணுக்கு இருந்தால், சுற்றியுள்ள தோலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது தொடர்ந்து கசிந்துகொண்டே இருக்கும். தோலுக்குள் விடப்பட்ட வெள்ளி அக்குபங்சர் ஊசித்துண்டுகளும் இப்படித்தான். சிறு புள்ளியாக இருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி எடுத்து ஒரு தையல் போடுவது லேசரைவிட எளிது. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பும் வசதியும் அதில் உண்டு. நீலக்கருப்பாக ஒரு புள்ளி இருந்தால் அது மச்சமா, மெலனோமா என்ற புற்றுநோயா என்ற ஐயத்தைத் தீர்க்காமல் அதன்மேல் லேசர் வைப்பது பெரிய தவறு.

15. எனக்கு மங்கு என்றுதான் முதலில் சொன்னார்கள். வெள்ளிதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

மங்கு பழுப்பு நிறமுடையது. கன்னம், நெற்றி, மேலுதடு என்று திட்டுத்திட்டாக வரும். ஈறையும் நகப்பிறையையும் தொடாது. அமியோடரோன் என்ற இதய மருந்தும், மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் சாம்பல்நீலம் தரக்கூடியவை. ஆகவே இதுவரை உட்கொண்ட மருந்துகளின் முழுப் பட்டியல் முதல் தேவை. ‘மருந்து எதுவும் சாப்பிடவில்லை’ என்று சொல்பவர்களிடம், ‘சத்துக்காக, எதிர்ப்புச் சக்திக்காக ஏதாவது?’ என்று கேட்டால்தான் கூழ்ம வெள்ளிப் புட்டி வெளியே வரும். அதை அவர்கள் மருந்தாகவே எண்ணியிருக்க மாட்டார்கள்.

உறுதி செய்வது தோல் திசுப் பரிசோதனை. சில மில்லிமீட்டர் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றிக் கரும்பழுப்புப் பொடி வரிசையாகத் தெரியும். இருட்புல ஒளியில் அதே பொடி இரவு வானத்து விண்மீன்கள்போல மின்னும். தேவைப்பட்டால் எக்ஸ்-கதிர் நிறமாலை முறையில், அது வெள்ளிதான் என்று தனிமத்தையே காட்டிவிடலாம். இரத்தப் பரிசோதனை அண்மையில் உள்ளே போனதை மட்டுமே காட்டும். நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இரத்த அளவு இயல்பாக இருந்தாலும், தோலில் வெள்ளி இல்லை என்று பொருளாகாது.

16. எனக்கு மூட்டுவாதத்துக்கு முன்பு தங்க ஊசி போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்கட்டும். முடக்குவாதத்துக்குத் தங்க உப்புகளை ஊசியாகப் போடும் வழக்கம் பல பத்தாண்டுகள் இருந்தது. அந்தத் தங்கமும் தோலில் தங்கி, ஒளி படும் இடங்களில் சாம்பல்நீலம் தரும். அதற்கு கிரைசியாசிஸ் என்று பெயர். பார்வைக்கு ஆர்ஜிரியாவை ஒத்திருக்கும். ஆனால் கியூ-சுவிட்ச்டு லேசர் பட்டால் வெள்ளிக்கு நேர் எதிராக நடக்கும். தங்கத் துகளின் வடிவம் மாறி, ஷாட் விழுந்த இடமெல்லாம் உடனே நீலக்கருப்பாகிவிடும். வெள்ளி விலகும் வட்டம் என்று 9-ஆம் விடையில் சொன்னேனே, அதே வட்டங்கள் கருமையாக நிற்கும்.

ஊசி போட்டு இருபது ஆண்டுகள் கடந்தவர்களுக்கும், தோலில் வெளிப்படையான நிறமாற்றமே இல்லாதவர்களுக்கும்கூட இது நேர்ந்திருக்கிறது. ஆகவே ‘அது பழைய கதை’ என்று விட்டுவிட வேண்டாம். தோலின் நிறத்தில் மையிட்டுப் புருவம், உதடு ஆகியவற்றை ஒப்பனையாகப் பச்சை குத்திக்கொண்டவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மையில் உள்ள இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் லேசர் பட்டால் கறுக்கும்.

17. உடைந்த வெள்ளிப்பொடி இரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுத்துவிடாதா?

ஒரு முகத்தின் தோலில் உள்ள வெள்ளியின் மொத்த எடையே மிகச் சிறியது. நீங்கள் பல மாதங்கள் குடித்தபோது இரத்தத்தின் வழியே இதைவிடப் பன்மடங்கு கடந்து போயிருக்கிறது. வெளியான பதிவுகளில் லேசருக்குப் பின் வெள்ளி நஞ்சேறியதாகப் பேசப்படவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் குறை உள்ளவர்கள், மயக்க மருந்தையும் வலிமாத்திரையையும் பற்றித்தான் மருத்துவரிடம் முதலில் பேச வேண்டும்.

18. ஒருமுறை போன நிறம் திரும்பி வருமா?

ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் நிறம் திரும்பவில்லை என்று பதிவுகள் உள்ளன. அதைத் தாண்டிப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பதிவுகள் குறைவு. வெள்ளியை மீண்டும் உட்கொண்டால் நிறம் திரும்பும் என்பதில் மட்டும் ஐயமில்லை. புண் ஆற்றும் களிம்பு, மூக்குத் தெளிப்பான், சத்துப் பொடி எதுவானாலும், உறையில் வெள்ளி என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

வெயில் காப்பும் அவசியம். 4-ஆம் விடையில் சொன்னபடி, கறுக்காத வெள்ளி தோலில் இன்னும் இருக்கக்கூடும். அதைக் கறுக்கச் செய்வது ஒளி. நாள்தோறும் சன்ஸ்கிரீனும் தொப்பியும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும்.

19. லேசர் வைத்த பிறகு எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும்?

சிவப்பும் வீக்கமும் ஓரிரு நாள், மெல்லிய பொருக்கு ஒரு வாரம் வரை. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. வாசலின் போன்ற வழுவழுப்பான களிம்பு பூசி ஈரமாக வைத்திருந்தால் போதும். உதட்டோரத்தில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவராக இருந்தால் முன்னரே சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். புண்ணுக்கு என்று யாராவது வெள்ளி கலந்த களிம்பை எடுத்து நீட்டினால், எதற்காக லேசர் வைத்தோம் என்பதை நினைவூட்டுங்கள்.

20. சிலருக்கு மட்டும்தானே செய்து பார்த்திருக்கிறார்கள். இதை நம்பி முகத்தைக் கொடுக்கலாமா?

நோய் அரிது என்பதால் நூற்றுக்கணக்கானவர்களை இரு குழுவாகப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு கிடையாது. இருப்பவை தனி நோயாளிகளின் பதிவுகளும் சிறு தொகுப்புகளும்தான். கூழ்ம வெள்ளி குடித்தவருக்கு 1064 நானோமீட்டர் லேசரால் நிறம் விலகியதை 2008-இல் ஒரு தோல் அறுவை இதழ் வெளியிட்டது. அதன்பின் பல நாடுகளிலிருந்தும் ஒத்த பதிவுகள் வந்தன. வெற்றி பெற்றதை எழுதும் ஆர்வம், தோற்றதை எழுதும்போது எல்லோருக்கும் இருப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தாலும் விளைவு கண்முன்னே அந்தக் கணமே தெரிகிறது என்பதால், உங்கள் தோலில் பலிக்குமா என்பதைச் சோதனை ஷாட்டே சொல்லிவிடும். முகத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு பட்டாணி அளவு இடத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

21. எங்கள் வெள்ளி நானோ துகள், அதனால் நிறம் மாறாது, லேசருக்குப் பிறகும் குடிக்கலாம் என்கிறார் விற்பவர்.

துகள் எவ்வளவு சிறிதானாலும் வயிற்று அமிலத்தில் கரைந்து அயனியாகும். அதற்குப் பின் 4-ஆம் விடையில் சொன்ன அதே பாதைதான். சிறு துகள் விரைவாகவே கரையும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-இல், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கப்படும் கூழ்ம வெள்ளி மருந்துகள் எந்த நோய்க்கும் பாதுகாப்பானவை என்றோ, பலன் தருபவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என்று அறிவித்தது. லேசர் முடித்த முகத்தோடு மறுபடியும் அந்தப் புட்டியைத் திறப்பவருக்கு இரண்டாம் முறை சிகிச்சை செய்ய மருத்துவர் தயங்கினால், குறை அவரிடம் இல்லை.

22. எதுவும் செய்யாமல் இப்படியே இருந்துவிட்டால் ஆபத்தா?

நிறத்தால் மட்டும் உயிருக்கு ஆபத்தில்லை. வலியையும் செலவையும் எண்ணி, லேசர் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை.

அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நீங்கள் மயங்கிய நிலையில் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டால், உங்களை அறியாத மருத்துவர் நீல முகத்தைப் பார்த்ததும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்றே முதலில் எண்ணுவார். விரலில் மாட்டும் கருவி இயல்பான அளவைக் காட்டினாலும் கருவிதான் பழுது என்று எண்ணக்கூடும். ‘ஆர்ஜிரியா, தோலின் நீலம் வெள்ளியால் வந்தது’ என்று ஒரு சீட்டில் எழுதி, உறுதி செய்த மருத்துவரின் கையொப்பத்தோடு அடையாள அட்டையுடன் வைத்துக்கொள்ளுங்கள். லேசர் பாதியில் நிற்பவர்களுக்கும், முகம் மட்டும் செய்து கொண்டவர்களுக்கும் அந்தச் சீட்டு வேண்டும். அவர்களுடைய நகப்பிறை இன்னும் நீலமாகத்தான் இருக்கும்.